தோண்டிய மலையை எங்கே வைப்பது?

நீர்ச்சுரங்கம் ஒன்று தோண்டப்போகிறார்கள் என்று நாளிதழில் செய்தி வந்தால், அதன் நீளம், விட்டம், செலவாகும் தொகை, தண்ணீர் வந்துசேரும் ஆண்டு ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். மலையைக் குடைந்து வெளியே எடுக்கும் பாறை முழுவதும் எங்கே போய்ச் சேரும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வாழும் சிவில் பொறியாளன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதியை மண்வெட்டு வேலைகளிலும் சாலைச் சரிவுகளிலும் கழித்தவன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, விடுபட்டுப்போகும் அந்தக் கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். கொட்டுமிடத்தைத் தேர்வு செய்வது சுரங்க வடிவமைப்பின் ஒரு பகுதி என்பதும், சுரங்க வாய் எங்கே அமையும் என்று முடிவாகும் அதே கூட்டத்தில் அதுவும் முடிவாக வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. டெண்டர் கொடுத்த பிறகு ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால், அவர் தமக்கு மிக அருகில், மிக மலிவாகக் கிடைக்கும் பள்ளத்தைத்தான் தேடுவார். அந்தப் பள்ளம் ஏறக்குறைய எப்போதும் தண்ணீர் போகும் வழியாக இருக்கும்.

எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு இது இப்போது நெருங்கி வந்துவிட்ட விஷயம். டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி உம்கெனி ஆற்றின் மேலுள்ள மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நாகிள், இனாண்டா அணைகளிலிருந்து வருகிறது. வடக்கேயுள்ள மூயி ஆற்றின் தண்ணீரும் அதனோடு சேர்க்கப்படுகிறது. அப்படியும் போதவில்லை. டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸிலோ வெருலத்திலோ டொங்காட்டிலோ உள்ள உறவினர் வீட்டுக்குப் போனால், குளியலறையில் டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரைப் பார்க்காமல் திரும்ப முடிவதில்லை. குழாய்க் கசிவும் பராமரிப்புக் குறையும் அதற்குக் காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை; ஆனாலும் மூலத்திலேயே தண்ணீர் கூடுதலாக வேண்டியிருக்கிறது. இதுவரை பெரிய அணை எதுவும் இல்லாத உம்கோமாசி ஆற்றின் குறுக்கே, ஸ்மித்ஃபீல்டு என்னும் இடத்தில் அணை கட்டி, அங்கிருந்து ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாகப் பேய்ன்ஸ்ஃபீல்டு பக்கம் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டம் அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. அந்தத் திட்டம் வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அப்படி விரும்புவதாலேயே, அதன் கல்லும் மண்ணும் யார் தலையில் விழப்போகின்றன என்ற கவலையும் எனக்கு உண்டு.

முதலில் அளவைப் பார்ப்போம். இத்தகைய சுரங்கத்தின் உள் விட்டம் மூன்றரை மீட்டர் அளவில் இருக்கும். சுவர் உறைக்கும் தாங்கு அமைப்புக்கும் இடம் விட்டு, வெட்டும் விட்டம் 4 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒவ்வொரு மீட்டர் முன்னேறும்போதும் சுமார் 12.5 கன மீட்டர் பாறை வெளியே வரும். 33 கிலோமீட்டருக்கு அது 4 லட்சத்து 15 ஆயிரம் கன மீட்டர். மலைக்குள் இறுகிக் கிடந்த பாறை உடைந்ததும், அரிசி சோறானது போலப் பெருகிவிடும். துண்டுகளுக்கிடையே காற்று புகுந்து கொள்வதால் லாரியில் ஏறும்போது ஒன்றரை மடங்காகி, 6 லட்சத்து 20 ஆயிரம் கன மீட்டரைத் தொடும். அடுக்கடுக்காகப் பரப்பி உருளையால் அழுத்தினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஏறத்தாழ 5 லட்சத்து 20 ஆயிரத்தில் நிற்கும். அதைப் பத்து மீட்டர் உயரத்துக்குக் குவித்து, பக்கங்களை ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் அகலம் என்ற மிதமான சாய்வில் விட்டால், அடிப்பரப்பு மட்டும் ஏழு ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வண்டல் படியும் குட்டை, சுற்றுக் கால்வாய், மேல்மண்ணைத் தனியாக வைக்கும் இடம், லாரி திரும்பும் வழி எல்லாம் சேர்ந்தால் பத்து ஹெக்டேர் வேண்டும். திட்டத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் பத்து ஹெக்டேர் நிலம் மிகச் சிறியது. ஆனால் சரிவும் ஓடையும் குடியிருப்பும் நிறைந்த எங்கள் மலைநாட்டில், யாருக்கும் தீங்கு செய்யாத பத்து ஹெக்டேர் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

அதோடு, பாறை முழுவதும் ஒரே இடத்தில் வெளியே வருவதும் இல்லை. சுரங்கத்தை எத்தனை வாய்களிலிருந்து தோண்டுகிறார்களோ அத்தனை குவியல்கள் உருவாகும். தென்னாப்பிரிக்காவின் மிக நீளமான நீர்ச்சுரங்கமான ஆரஞ்சு-ஃபிஷ் சுரங்கம் 82.8 கிலோமீட்டர் நீளமுடையது. 1975இல் திறக்கப்பட்ட அதைத் தோண்டுவதற்கு இரு முனைகளும் போதாமல் இடையில் ஏழு செங்குத்துக் குழிகளை இறக்கினார்கள். அப்படி ஒவ்வொரு குழியின் வாயிலும் ஒரு கொட்டுமிடம் வேண்டும். கரூவின் வறண்ட சமவெளியில் அது சமாளிக்கக் கூடியதே. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் மழையை எட்டும் எங்கள் பக்கத்துச் சரிவுகளில், வேலை விரைவாக முடியட்டும் என்று கூடுதலாக ஒரு பக்கச் சுரங்கம் திறக்கும் பொறியாளர், அந்த வாய்க்கு வெளியே ஒரு புதிய மலையையும் திறக்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதனால்தான் இரண்டும் சேர்ந்தே முடிவாக வேண்டும் என்கிறேன்.

அடுத்து, வெளியே வருவது என்ன பாறை என்பது. எங்கள் பகுதியின் அடியில், கரூ அடுக்குகள் எனப்படும் பழைய படிவுப்பாறைகளைச் சேர்ந்த ஷேல் (களிமண் தாள் தாளாக இறுகிய பாறை), சேற்றுப்பாறை, மணற்பாறை ஆகியவையும், அவற்றின் ஊடே உருகிய குழம்பாகப் பாய்ந்து உறைந்த டோலரைட் என்னும் கடினப் பாறையும் இருக்கின்றன. இவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதை அறிய ஆய்வகம் கூட வேண்டியதில்லை. துளையிட்டு எடுத்த கோர் பெட்டியிலிருந்து கருத்த ஷேல் துண்டு ஒன்றையும் டோலரைட் துண்டு ஒன்றையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்தபோது இரண்டும் கல்தான். ஷேலின் வழவழப்பான முகத்தில் நகத்தால் கீறினால் மெல்லிய வெள்ளைக் கோடு விழும், அவ்வளவே. தண்ணீரில் மூழ்கிய சிறிது நேரத்தில் அதன் ஓரங்களிலிருந்து நூல் போலக் காற்றுக் குமிழிகள் எழும்பின. பிறகு அடுக்குகளுக்கு இடையே மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றின. தண்ணீரை வடித்து வெயிலில் காயவைத்து மறுபடியும் நனைத்தபோது, துண்டு தாள் தாளாகப் பிரிந்து, விரலால் அழுத்தினால் சாம்பல் நிறக் குழம்பாகியது. டோலரைட் துண்டு கழுவி வைத்த கல்லாக அப்படியே கிடந்தது.

ஒரே குவியலில் இவ்விரண்டையும் கலந்து கொட்டினால் என்ன ஆகும் என்பதை அந்த வாளி சொல்லிவிடுகிறது. கொட்டும் நாளில் பாறைக்குவியலாகத் தோன்றி, உயரமான சரிவிலும் நிற்கும். சில மழைக்காலங்கள் நனைந்தும் காய்ந்தும் போனபின் ஷேல் களியாகி, கற்களுக்கு இடையேயுள்ள துளைகளை அடைத்து, தண்ணீரை உள்ளேயே தேக்கிக்கொள்ளும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பெயரையே தாங்கிய ஷேல் படிவம் இயற்கைச் சரிவிலேயே வழுக்கி விழுவதற்குப் பெயர்போனது. உடைத்துக் குவித்த பிறகு அது இன்னும் உறுதியாகிவிடாது. கருத்த ஷேலில் சில இடங்களில் பைரைட் என்னும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் கலந்திருக்கும். காற்றும் நீரும் பட்டால் அது அமிலமாகக் கசியும். ஜோகன்னஸ்பர்க்கின் தங்கச் சுரங்கங்களைச் சுற்றி ஓடும் செம்மஞ்சள் நிறத் தண்ணீருக்கும் பைரைட்தான் காரணம். லெசோத்தோ மலைகளிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்தில், உறை இல்லாமலே நிற்கும் என்று எதிர்பார்த்த பசால்ட் என்னும் எரிமலைப் பாறையே சில பகுதிகளில் காற்றுப்பட்டு உதிரத் தொடங்கியதால், பிறகு கான்கிரீட் உறை போட வேண்டியதாயிற்று. பசால்ட்டுக்கே அந்த நிலை என்றால் ஷேலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே துளையிட்டு எடுத்த மாதிரிகளை வைத்து, சுரங்கத்தின் எந்த நீளத்தில் எந்தப் பாறை வரும், அது எந்த மாதத்தில் வெளியே வரும் என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை எழுதி, நல்ல கல்லுக்கு ஓர் இடமும் உதிரும் பாறைக்கு வேறோர் இடமும் ஒதுக்க வேண்டும்.

தோண்டும் முறையும் இதில் சேரும். வெடிவைத்துத் தோண்டினால் பெரிய கற்கள் வரும், அவை அணைக்கட்டுக்கும் சாலைக்கும் பயன்படும். ஆனால் வெடிமருந்தின் எச்சமாக நைட்ரேட்டும் அம்மோனியாவும் ஒட்டிக்கொண்டு வந்து, முதல் மழையில் ஓடைக்குள் இறங்கும். துளைக்கும் இயந்திரம் தட்டையான சில்லுகளையும் நிறையத் தூளையும் தள்ளும். சுவரில் தெளிக்கும் கான்கிரீட்டின் சிதறல் தண்ணீரைக் காரமாக்கும். எந்த முறையானாலும், குவியலிலிருந்து வடியும் நீரை நேரே ஓடைக்கு விடாமல் குட்டையில் நிறுத்திச் சோதித்த பிறகே விட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, குவியலின் அடியில் என்ன இருக்கிறது என்பது. வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபானில் 1966 அக்டோபர் 21ஆம் தேதி காலையில் நிலக்கரிக் கழிவுக்குவியல் ஒன்று மலையிலிருந்து வழுக்கி இறங்கிப் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குவியலை ஊற்றுகளின் மேலேயே கொட்டியிருந்தார்கள். அந்த ஊற்றுகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டவை, ஊர்மக்களுக்கும் தெரிந்தவை. சரிவில் எதையாவது குவிக்கும் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தத் தேதியை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் இளம் பொறியாளர்களிடம் சொல்வதுண்டு.

எங்கள் பகுதியில் ஊற்றைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை பெய்கிறது. நில ஆய்வோ, வண்டி சிக்காமல் போகலாம் என்பதற்காக, வறண்ட ஜூன், ஜூலையில் நடக்கிறது. புல் காய்ந்து, பள்ளம் வெறும் பள்ளமாகத் தெரியும். ரிச்மண்டுக்கு மேற்கே ஒரு சரிவில் நான் அப்படி நின்று, கைவரைபடத்தில் அந்தப் பள்ளத்தை நல்ல இடம் என்று குறித்துக்கொண்டிருந்தபோது, மேலேயுள்ள வீட்டிலிருந்து ஒரு முதிய சுலு அம்மா இறங்கி வந்தார். "கோகோ (பாட்டி), இங்கே தண்ணீர் வருமா?" என்று அவர் மொழியில் கேட்டேன். "மகனே, அந்த நாணல் ஏன் பச்சையாக இருக்கிறது என்று பார்க்கவில்லையா? ஆகஸ்ட் மாதத்திலும் நாங்கள் அங்கேதான் தண்ணீர் எடுப்போம்" என்றார். அவர் காட்டிய இடத்தில் நாணலை விலக்கியபோது, வாய் அகலமான சிறு குழியும் அதைச் சுற்றி மாடு இறங்காதபடி அடுக்கிய கற்களும் இருந்தன. எந்த வரைபடத்திலும் அது இல்லை. கொட்டுமிடத்துக்கான ஆய்வு ஒரு மழைக்காலத்தையும் ஒரு வறட்சிக்காலத்தையும் முழுமையாகப் பார்த்திருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு பள்ளத்திலும் அங்கே தண்ணீர் எடுப்பவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். அதற்காகும் செலவு ஒன்றும் பெரிதல்ல.

ஊற்று இல்லாத இடமாகப் பார்த்து ஆற்றங்கரைச் சமவெளிக்கு இறங்கினால், அங்கே வெள்ளம் காத்திருக்கும். இதைத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டர்பனில் உம்கெனி ஆற்றங்கரையின் டின் டவுனில், காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியக் குடும்பங்களை 1917 அக்டோபரில் வெள்ளம் அடித்துச் சென்றபோது, மாரிமுத்து படவட்டானும் அவரோடு சேர்ந்த மீனவர்களுமாக ஆறு பேர் படகில் மறுபடியும் மறுபடியும் சென்று 176 பேரை மீட்டார்கள். அவர்கள் வீரத்தைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். அத்தனை குடும்பங்கள் ஏன் ஆற்றின் மடியில் குடியிருக்க நேர்ந்தது என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்: வேறு யாரும் விரும்பாத நிலம் அது, அதனால் அவர்களுக்குக் கிடைத்தது. 2022 ஏப்ரலில் டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சரிவை வெட்டியும் மண்ணை நிரப்பியும் மேடையாக்கிய நிலத்தில் கட்டிய வீடுகள் மண்ணோடு சேர்ந்து சரிந்தன. மலிவான நிலத்தில் ஏழைகளும் குடியேறுகிறார்கள், கழிவும் அங்கேயே போய்ச் சேருகிறது. திட்ட வரைபடத்தில் கொட்டுமிடத்தைக் குறிக்கும் கை இந்த இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தென்னாப்பிரிக்காவின் தேசிய நீர்ச் சட்டத்தின் கீழ் 1999இல் கனிமச் சுரங்கங்களுக்காக வெளியிட்ட விதிகள், கழிவுக்குவியலை நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளக் கோட்டுக்குள்ளும், எந்த நீரோடையிலிருந்தும் 100 மீட்டர் தூரத்துக்குள்ளும் வைக்கக்கூடாது என்கின்றன. நீர்ச்சுரங்கத்தின் பாறை கனிமச் சுரங்கத்தின் கழிவு அல்ல என்று வாதிடலாம். ஆனால் ஓடைக்கு அந்த வேறுபாடு தெரியாது. அந்த 100 மீட்டரை இங்கும் குறைந்தபட்ச அளவாகக் கொள்ள வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

சரி, ஊற்றும் இல்லை, வெள்ளமும் வராது என்று மேட்டுநிலப் புல்வெளிக்குப் போனால், அங்கே வேறொரு தவறு காத்திருக்கிறது. மரமில்லாத புல்வெளியைப் பார்த்ததும் வெற்று நிலம் என்று எண்ணிவிடுகிறோம். மூடுபனி படரும் எங்கள் நடுமலைப் புல்வெளிகள் பெரும்பாலும் கரும்பாகவும் தைல மரமாகவும் வாட்டில் மரமாகவும் மாறிப்போய், எஞ்சியிருப்பது சிறுசிறு துண்டுகளே. ரிச்மண்டுக்கும் இக்சோபோவுக்கும் இடையிலுள்ள அத்தகைய துண்டுகளில்தான் நீலத் தகைவிலான் கோடைக்காலத்தில் வந்து, எறும்புதின்னி தோண்டிவிட்டுப் போன பழைய வளைகளுக்குள் மண்ணால் கூடு கட்டுகிறது. தென்னாப்பிரிக்காவில் அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை அது. அந்த வளையின் மேல் கொட்டும் முதல் லோடு மண்ணோடு அந்த ஆண்டின் குஞ்சுகள் போய்விடும். ஆகவே இடம் தேர்வு செய்யும்போது, ஏற்கெனவே மாறிப்போன நிலத்தை, குறிப்பாக வெட்டுக்கு வந்துவிட்ட தைலமரத் தோட்டங்களையும் கைவிடப்பட்ட கல்குவாரிகளையும் முதலில் பார்க்க வேண்டும். தோட்டக் கம்பெனிக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அது செலவு கூடிய வழியாகத் தோன்றும், பரவாயில்லை, கொடுக்கட்டும்.

கல்லறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுலு குடும்பங்கள் முன்னோரை வீட்டுக்கு அருகிலேயே, மாட்டுத்தொழுவத்தை ஒட்டி அடக்கம் செய்வது வழக்கம். குடும்பம் இடம் பெயர்ந்துவிட்டால் சில கற்கள் மட்டுமே அடையாளம். பழைய கரும்புத் தோட்டங்களில், 1860 முதல் கப்பலேறி வந்த நம் ஒப்பந்தக் கூலிகளும் அப்படிக் கிடக்கிறார்கள். எங்கோ ஒரு ஓரத்தில் யாரோ நட்ட செம்பருத்தியோ, சிமெண்டில் விரலால் எழுதிய இரண்டு எழுத்தோ இருந்தால் உண்டு. நகராட்சி மயானத்துக்கு வெளியே 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறை எதையும் அனுமதியின்றித் தொடக்கூடாது என்று 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சொத்துச் சட்டம் கூறுகிறது. ஆனால் இருப்பது தெரிந்தால்தான் சட்டம் காப்பாற்றும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அழைத்துச் சென்று நிலத்தைக் காட்டிக் கேட்கும் வேலையைக் கோயில் சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் தாமாகவே எடுத்துச் செய்யலாம்.

இடம் நல்லதாக இருந்தும் தூரமாக இருந்தால் லாரி வரும். நான் மேலே சொன்ன 6 லட்சத்து 20 ஆயிரம் கன மீட்டரைப் பத்து கன மீட்டர் பிடிக்கும் டிப்பர்களில் ஏற்றினால் 62 ஆயிரம் லோடுகள். மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 69 லோடு. போக, வர என்று 138 முறை அந்தச் சாலையில் டிப்பர் ஓடும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக நடந்து போகும் செம்மண் சாலை அது, ஓரத்தில் நடைபாதை கிடையாது. டிப்பர் ஓட்டியே ஓய்வுபெற்ற என் மாமா ஒருவர் முன்பு சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "லோடுக்குத்தான் காசு, தம்பி, தூரத்துக்குக் காசு இல்லை." வேகமாக ஓட்டவும், யாரும் பார்க்காத வளைவில் பாதி வழியிலேயே கவிழ்க்கவும் ஓட்டுநரைத் தூண்டுவது அந்தக் கூலி முறையே. லோடு எண்ணிக்கைக்குக் கூலி கொடுப்பதை விட்டு, குறித்த இடத்தில் பரப்பி அழுத்தி அளந்த கன மீட்டருக்குப் பணம் கொடுக்கும்படி ஒப்பந்தத்தை எழுதினால், பாதிப் பிரச்சினை காகிதத்திலேயே தீரும். முடிந்த இடங்களில் சுரங்க வாயிலிருந்து கொட்டுமிடம் வரை கன்வேயர் பட்டை அமைப்பது இன்னும் நல்லது. அது தொடக்கத்திலேயே இடம் தெரிந்திருந்தால் மட்டுமே முடியும்.

முன்கூட்டியே யோசித்தவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதற்குப் பெரிய உதாரணம் சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் அடிமலைச் சுரங்கம். 57 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் சுரங்கத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் டன் பாறை வெளியே வந்தது. அதில் ஒரு பகுதியை அங்கேயே உடைத்துச் சலித்து, அதே சுரங்கத்தின் கான்கிரீட்டுக்குச் சல்லியாகவும் மணலாகவும் பயன்படுத்தினார்கள். இன்னொரு பகுதியைக் கொண்டு, ஊரி ஏரியில் ராய்ஸ் ஆறு கலக்கும் இடத்தில், மணல் அள்ளியதால் அரித்துப்போன ஆழமற்ற கரையை மீண்டும் உருவாக்கினார்கள். ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையின் பிரென்னர் சுரங்கத்துக்காக, பாடாஸ்டர் என்னும் பக்கப் பள்ளத்தாக்கு ஒன்றையே 77 லட்சம் கன மீட்டர் கொள்ளும் கொட்டுமிடமாகத் திட்டமிட்டு, அதன் ஓடையைத் தனிச் சுரங்கத்தில் திருப்பிவிட்ட பிறகே நிரப்பத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில், பிரான்ஸுக்குக் கடலடியில் செல்லும் சேனல் ரயில் சுரங்கத்திலிருந்து வந்த 49 லட்சம் கன மீட்டர் சுண்ணக் களிக்கல்லைக் கொண்டு டோவர் பாறைகளின் அடியில் 30 ஹெக்டேர் புது நிலம் உண்டாக்கி, அதை 1997இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள்.

இவற்றை அப்படியே இங்கே எடுத்து வந்து நட முடியாது. நம் ஷேலை உடைத்துக் கான்கிரீட் போட முடியாது. ஒரு பள்ளத்தாக்கை முழுதாக நிரப்புவதையும் எங்கள் மழையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் டோலரைட் பகுதியிலிருந்து வரும் கல், சோதனையில் தேறினால், அணைக்கும் அணுகு சாலைக்கும் நேரே போகலாம். அதற்காக வேறொரு மலையை வெடிவைத்துத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு அணையின் கால அட்டவணையும் சுரங்கத்தின் கால அட்டவணையும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டிருக்க வேண்டும். அணைக்குக் கல் தேவைப்படும் ஆண்டில் சுரங்கம் ஷேலில் சென்றுகொண்டிருந்தால், முன்னே வந்த நல்ல கல்லைக் காத்து வைக்க ஒரு தற்காலிகச் சேமிப்பிடம் வேண்டும். திட்டங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தத் தற்காலிக இடமே.

குவிக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்மண்ணை முதலில் வழித்து, இரண்டு மீட்டருக்கு மேல் உயராமல் தனியாக வைக்க வேண்டும். அதற்கு மேல் குவித்தால் உள்ளே உயிர் செத்துவிடும். அடியில் கல் நிரப்பிய வடிகால், மேலே மழைநீரைச் சுற்றித் திருப்பும் கால்வாய், மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி அழுத்துதல், உயரம் ஏறும்போது இடையிடையே படி விடுதல், ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பே முடிந்த சரிவில் உள்ளூர்ப் புல் விதைத்தல் ஆகியவை எந்தப் பொறியாளருக்கும் தெரிந்தவை. தெரிந்தும் நடக்காமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். நான் பணிபுரிந்த ஒரு சாலை வேலையில், அடி வடிகால் வரைபடத்தில் இருந்தது, களத்தில் போடப்படவில்லை. கல் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் மண் முதலில் கொட்டப்பட்டுவிட்டது. அடுத்த கோடையில் சரிவின் அடிவாரம் ஊதிப் புடைத்து, கீழேயிருந்த வேலியைச் சாய்த்துக்கொண்டு நகர்ந்தது. அதைத் தோண்டி எடுத்து மறுபடி போட ஆன செலவு, அந்த வடிகாலின் விலையைப் போல எத்தனையோ மடங்கு.

அதன் பிறகு யார் பார்ப்பது என்ற கேள்வி இருக்கிறது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் மெரீஸ்ப்ரூட்டில் 1994 பிப்ரவரி 22ஆம் தேதி இரவு, தங்கச் சுரங்கத்தின் சேற்றுக் கழிவு அணை மழைக்குப்பின் உடைந்து 17 பேர் இறந்தனர். மேலே தண்ணீர் தேங்கி நிற்பதை முன்பே அறிந்திருந்தும் அது தடுக்கப்படவில்லை. ஈரச் சேறு வேறு, உடைத்த பாறை வேறு என்பது உண்மை. ஆனாலும் வேலை முடிந்து ஒப்பந்தக்காரர் போன பிறகு வடிகால் அடைபட்டிருக்கிறதா, உச்சியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க ஆள் இல்லாத குவியல், எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும் ஆபத்தானதே. மரபுத் தலைவர்களின் ஆளுகையிலும் மாகாணத்தின் மரபுவழி நிலங்களை வைத்திருக்கும் இங்கோன்யாமா அறக்கட்டளையின் உரிமையிலும் உள்ள நிலத்தில் கொட்டும்போது இது இன்னும் சிக்கலாகும். குவியலின் மேல் சில ஆண்டுகளில் சமதளம் தெரியும், சமதளம் கிடைத்தால் யாராவது வீடு கட்டுவார்கள். யாரும் அங்கே வீடு கட்டக்கூடாது என்று சொல்வதற்கும், ஆண்டுதோறும் பரிசோதிப்பதற்கும், அதற்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வைப்பதற்கும் பெயர் குறித்த ஓர் அமைப்பு பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பெயர் சுற்றுச்சூழல் அனுமதியிலேயே இருக்க வேண்டும்.

நம் மாகாணத்தில் இத்தகைய திட்டங்களுக்குப் பொது ஆலோசனைக் கூட்டங்கள் நடக்கும்போது, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்க ஏராளமானோர் வருவார்கள். நம்மவர்களும் போக வேண்டும். போனால் கொட்டுமிட வரைபடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். அது ஆங்கில அறிக்கையின் பிற்சேர்க்கையில் புதைந்து கிடக்காமல், சுலு மொழியில் விளக்கத்தோடு, ஊற்றும் கல்லறையும் பள்ளிக்கூடச் சாலையும் குறிக்கப்பட்ட பெரிய தாளில் சுவரில் தொங்க வேண்டும். குறைந்தது ஒரு கூட்டமாவது ஜனவரியில், தரை ஈரமாக இருக்கும்போது, அந்த இடத்திலேயே நடக்க வேண்டும். டெண்டர் அறிவிப்பு வெளிவந்த பிறகு இவற்றைக் கேட்டுப் பயனில்லை. ஆகவே அறிவிப்புக்கு முந்தைய கருத்துக்கேட்புக் காலத்துக்குள்ளேயே எழுத்து வடிவில் பதிவு செய்துவிடுங்கள்.